பச்சௌலி சேர்த்த கலவை கத்தரிப்பூ நிறமாகிறது, கலங்கவும் செய்கிறது. எங்கே தவறு?

புதுக்கலவை:

பச்சௌலி இலையின் எண்ணெயை அடிமணமாக (கடைசிவரை நிற்கும் மணம்) வைத்து ஒரு ஸ்பிரே பெர்ஃப்யூம் கலந்திருக்கிறேன். எல்லாம் எடைக் கணக்கு, மொத்தம் 20 கிராம் கான்சன்ட்ரேட் (நீர்க்காத மணக்கலவை):

பச்சௌலி எண்ணெய் (கரும்பழுப்பு) – 5.0
பெர்கமாட் எண்ணெய் (தோலைப் பிழிந்து எடுத்தது) – 4.0
ஹெடியோன் (மல்லிகைச் சாயல் செயற்கை மணப்பொருள்) – 4.0
ஐசோ ஈ சூப்பர் (மரச் சாயல் செயற்கை மணப்பொருள்) – 3.0
பென்சைல் சாலிசிலேட் – 1.8
லேப்டனம் அப்சலூட் (செடிப் பிசினின் மணச்சாறு) – 1.0
வனிலின் – 0.8
எத்தில் மால்டால் – 0.4

இதோடு 96% எத்தில் ஆல்கஹால் 70 கிராம், காய்ச்சி வடித்த நீர் 10 கிராம். கண்ணாடி பாட்டில், இருட்டான அலமாரி.

மூன்று சிக்கல்கள். தேன் நிறத்தில் இருந்தது முதலில் இளஞ்சிவப்பாகி, பிறகு கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விட்டது. நீர் ஊற்றியதும் வெண்மையான மூட்டம் வந்தது, இன்னும் தெளியவில்லை. மூன்றாவதுதான் பெரிய கவலை: பெர்கமாட் அரை மணியில் போய்விடுகிறது, அதற்குப் பிறகு ஈரக் கிடங்கைத் திறந்த மாதிரி பூஞ்சை வாடை மட்டும்தான் நிற்கிறது. எண்ணெயே சரியில்லையா, ஃபார்முலா சரியில்லையா?

---

வாலைவடி:

நிறத்துக்கு மட்டும் சொல்கிறேன். உங்கள் எண்ணெயில் இரும்பு இருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

பச்சௌலி இலையை நிழலில் உலர்த்தி மணிக்கணக்காக ஆவியில் வடிக்கிறார்கள். 6 முதல் 8 மணி நேரம் சாதாரணம், சில இடங்களில் அதற்கும் மேல். செஸ்குவிடெர்பீன்கள் என்ற கனமான மணக்கூறுகள் மெதுவாகத்தான் ஏறி வரும் என்பதால் நேரத்தைக் குறைக்க முடியாது. இந்தோனேசியாவில் சிறு வடிப்பாளர்கள் பலர் இரும்பு டிரம்மையே வாலையாக (வடிகலனாக) வைத்திருக்கிறார்கள். அவ்வளவு நேரம் சூட்டில் இருக்கும்போது எண்ணெயின் அமிலக் கூறுகள் அந்தச் சுவரிலிருந்து இரும்பைக் கரைத்துக்கொள்ளும். கரும்பழுப்பு நிறம் பெரும்பாலும் அங்கிருந்து வருவதுதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாலையில் வடித்த எண்ணெய் வெளிர் மஞ்சளாகவோ அம்பர் நிறமாகவோ இருக்கும். அந்த நாட்டின் தர விதியான எஸ்என்ஐ 06-2385-2006 இரும்புக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு கிலோவுக்கு 25 மில்லிகிராம்.

இரும்பு தனியாக இருந்தால் எண்ணெய் கருப்பாக இருக்கும், அவ்வளவுதான். உங்கள் ஃபார்முலாவில் அதோடு சேர்ந்து நிறம் கொடுக்கக்கூடியவை மூன்று இருக்கின்றன: எத்தில் மால்டால், பென்சைல் சாலிசிலேட், வனிலின். இவற்றில் எத்தில் மால்டால்தான் மிக வேகமாக இரும்பைப் பிடிக்கும். இளஞ்சிவப்பில் தொடங்கிக் கத்தரிப்பூ வரை போகும். சாலிசிலேட் ஊதாப் பக்கம் இழுக்கும். வனிலின் மட்டும் காரணமாக இருந்தால் மஞ்சளிலிருந்து பழுப்புக்குப் போயிருக்கும், இளஞ்சிவப்பு வந்திருக்காது.

உறுதி செய்ய மூன்று சிறு கண்ணாடிக் குப்பிகள் போதும். எத்தில் மால்டாலை ஆல்கஹாலில் 1% கரைசலாக்கிக்கொள்ளுங்கள். முதல் குப்பியில் அந்தக் கரைசல் 2 மில்லி, பச்சௌலி 2 துளி. இரண்டாவதில் வெறும் ஆல்கஹால் 2 மில்லி, பச்சௌலி 2 துளி. மூன்றாவதில் எத்தில் மால்டால் கரைசல் மட்டும். வெள்ளைத் தாளை பின்னால் வைத்து ஒரு மணி நேரம் கழித்தும் மறுநாளும் பாருங்கள். முதல் குப்பி மட்டும் சிவந்தால் இரும்பு எண்ணெயில் இருக்கிறது. மூன்றாவதும் சிவந்தால் ஆல்கஹாலையோ பாத்திரத்தையோ சந்தேகப்படுங்கள். இரும்பு மூடி, துருப்பிடித்த கரண்டி, தகர டின் எல்லாமே இந்த வேலையைச் செய்யும்.

எண்ணெயில்தான் இருக்கிறது என்றால் சிட்ரிக் அமிலத்தால் கழுவி எடுக்கலாம். 50 கிராம் எண்ணெய்க்குக் கணக்கு:

5 கிராம் சிட்ரிக் அமிலத்தை 45 கிராம் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, கண்ணாடிப் பாத்திரத்தில் எண்ணெயோடு சேருங்கள். வெந்நீர்த் தொட்டியில் வைத்து 50 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவந்து, கண்ணாடிக் குச்சியாலோ காந்தக் கலக்கியாலோ முக்கால் மணி நேரம் கலக்குங்கள். அடித்துக் கலக்க வேண்டாம், நுரைத்தால் பிரிய மாட்டாது. பிறகு 8 கிராம் சுத்தமான சோடியம் குளோரைடு போட்டுக் கரைத்து, பிரிபுனலில் (அடியில் திருகுக்குழாய் உள்ள கண்ணாடிக் குடுவை) இரவு முழுக்க விடுங்கள். கீழே மஞ்சளாக இறங்கியிருக்கும் நீரை வெளியேற்றி, 10% உப்பு நீர் 25 மில்லி வீதம் இரண்டு முறை அலசுங்கள். கடைசியாக நீரற்ற சோடியம் சல்பேட் 3 கிராம் போட்டு இரண்டு மணி நேரம் வைத்து வடிகட்டுங்கள். தூள் முழுக்கக் கட்டிபட்டுவிட்டால் ஈரம் இன்னும் இருக்கிறது. கொஞ்சம் தூளாவது உதிரியாக ஓடும் வரை சேர்க்க வேண்டும்.

உப்பை எதற்குப் போடுகிறோம் என்றால், பச்சௌலியின் அடர்த்தி 0.95 முதல் 0.975 வரை. நீருக்கு மிகப் பக்கத்தில் இருப்பதால் வெறும் நீரில் மேலே ஏறாமல் நடுவிலேயே தொங்கும். உப்பு நீரைக் கனமாக்கிவிடும். சமையல் உப்பைப் போட்டுவிடாதீர்கள். கட்டிபடாமல் இருக்கப் பல உப்புகளில் ஃபெரோசயனைடு சேர்க்கிறார்கள். அது நீரில் இறங்கிய இரும்போடு சேர்ந்து நீலமாகும், எது எதனால் வந்த நிறம் என்றே புரியாமல் போகும்.

கழுவிய எண்ணெயை அதே மூன்று குப்பிச் சோதனையில் மறுபடி பாருங்கள். இன்னும் சிவந்தால் இன்னொரு முறை கழுவ வேண்டும்.

---

மணத்தச்சன்:

வாலைவடி சொன்ன காரணம் சரி. ஆனால் 20, 30 கிராம் எண்ணெய்க்காக பிரிபுனல் வாங்கிக் கழுவுவதை நான் சொல்ல மாட்டேன். ஸ்டீல் வாலையில் வடித்தது, அல்லது இரும்பு நீக்கியது என்று பகுப்பாய்வு அறிக்கையோடு வரும் எண்ணெயை வாங்கிவிடலாம். மாலிக்யூலர் டிஸ்டிலேஷன் (வெற்றிடத்தில் மறுபடி வடிக்கும் முறை) செய்த வெளிர் பச்சௌலியும் கிடைக்கும். அது சுத்தமாக இருக்கும், ஆனால் கருப்பு எண்ணெயில் இருக்கும் கோகோ மாதிரியான கனம் குறைந்திருக்கும். அந்தக் கனம்தான் வேண்டும் என்பவர்களுக்குக் கழுவிய எண்ணெய் மேல்.

எத்தில் மால்டாலைப் பார்த்துப் பயந்து அதை எடுத்துவிடாதீர்கள். 1992-இல் வந்த மூக்லரின் ஏஞ்சல், பச்சௌலியும் எத்தில் மால்டாலும் மோதுகிற இடத்தில்தான் நிற்கிறது. இரும்பில்லாத எண்ணெயாக இருந்தால் இரண்டும் ஒரே பாட்டிலில் தாராளமாக இருக்கலாம்.

இனி மணம். பூஞ்சை வாடை எண்ணெயின் குறையா, கலவையின் குறையா என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். பச்சௌலியை ஆல்கஹாலில் 10% கரைசலாக்கி வாசனை அட்டையில் தொட்டு, அட்டையில் நேரத்தைக் குறித்து வையுங்கள். தொட்ட உடனே கற்பூர நெடி, பச்சை இலை, ஈர மண். ஒரு மணி நேரத்தில் கற்பூரம் இறங்கும். மறுநாள் உலர்ந்த மரமும் லேசான இனிப்பும் மட்டும் நின்றால் எண்ணெய் நல்லது. மறுநாளும் அதே ஈரக் கிடங்கு வாடை அடித்தால், சரியாக உலராத இலையைக் கட்டி அடுக்கியதில் பூஞ்சை பிடித்திருக்கும். அதை எந்தக் கழுவலும் சரிசெய்யாது, வேறு எண்ணெய்தான். புதிதாக வடித்த எண்ணெயிலும் ஒரு முரட்டுத்தனம் இருக்கும், ஆனால் அது பச்சையாக, கூர்மையாக இருக்கும். காற்றுப்புகாத பாட்டிலில் வைத்திருந்தால் மாதக்கணக்கில் தணியும். பச்சௌலி வயதாக ஆகப் பண்படும் எண்ணெய். பெர்கமாட்டுக்கு நேர் எதிர்.

பச்சௌலியைச் சுத்தமாக, நீர்க்காமல் முகர்ந்து முடிவெடுப்பதும் பலரை ஏமாற்றும். எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு பச்சௌலால் என்ற முக்கியக் கூறு. மிகக் குறைந்த அளவே இருக்கும் நார்பச்சௌலெனாலுக்கு அந்த மண்வாசத்தில் பெரிய பங்கு உண்டு. 10 சதவீதத்திலும் 1 சதவீதத்திலும் முகர்ந்தால்தான் தோலில் எப்படி இருக்கும் என்று தெரியும்.

உங்கள் ஃபார்முலாவில் பச்சௌலி 25%. அந்த அளவு தவறே இல்லை, அதைவிட அதிகமாகப் போட்டு அழகாக நிற்கும் கலவைகள் இருக்கின்றன. குறை நடுவில் இருக்கிறது. பெர்கமாட்டின் லிமோனீனும் லினலைல் அசிட்டேட்டும் சீக்கிரம் போய்விடும், பச்சௌலி அட்டையில் வாரக்கணக்கில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஹெடியோனைத் தவிர உங்களிடம் ஒன்றும் இல்லை, ஹெடியோனோ சன்னமானது. அதனால்தான் அரை மணியில் தரைக்கு விழுகிறது. ரோஜாப் பக்கத்து ஏதாவது ஒன்று பச்சௌலியின் மண்வாசத்தைத் தாங்கிப் பிடிக்கும். இப்படி மாற்றிப் பாருங்கள், மொத்தம் அதே 20 கிராம்:

ஹெடியோன் – 5.0
ஐசோ ஈ சூப்பர் – 4.0
பச்சௌலி (இரும்பு நீக்கியது) – 3.0
பெர்கமாட், பெர்காப்டீன் (வெயிலில் தோலை எரிக்கும் கூறு) நீக்கியது – 2.2
பென்சைல் சாலிசிலேட் – 1.3
லினலைல் அசிட்டேட் – 1.0
ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் – 1.0
லேப்டனம் அப்சலூட், 50% கரைசல் – 1.0
எத்தில் மால்டால், 10% கரைசல் – 1.0
வனிலின் – 0.5

எத்தில் மால்டாலை 0.4 கிராமிலிருந்து 0.1 கிராமுக்கு இறக்கியிருக்கிறேன். முன்பிருந்த அளவில் அது வறுத்த சர்க்கரை மாதிரி எல்லாவற்றின் மேலும் படரும், பச்சௌலியின் பூஞ்சைப் பக்கத்தை இன்னும் தூக்கிக் காட்டும். முதலில் பச்சௌலி, லேப்டனம், ஐசோ ஈ மூன்றையும் தனியாகக் கலந்து ஒரு வாரம் வையுங்கள். அடித்தளம் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றவற்றைச் சேருங்கள். பச்சௌலி இன்னமும் தூக்கலாகத் தெரிந்தால் 3.0-இல் பாதியை கிளியர்வுட்டாக மாற்றலாம். ஃபிர்மெனிக் (இப்போது டிஎஸ்எம்-ஃபிர்மெனிக்) நிறுவனம் சர்க்கரையை நொதிக்க வைத்து எடுக்கும் பொருள் அது. பச்சௌலியின் மரப்பக்கம் இருக்கும், மண்ணும் கற்பூரமும் இருக்காது. முழுவதையும் அதற்கு மாற்றினால் தட்டையாகிவிடும்.

---

துளிக்கணக்கு:

நிறத்தையும் மணத்தையும் பேசிவிட்டீர்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது பெர்கமாட். 100 கிராமில் 4 கிராம் என்றால் 4%. பிழிந்தெடுத்த பெர்கமாட்டில் பெர்காப்டீன் இருக்கிறது. தோலில் பட்டு வெயில் படும்போது எரிந்து கருந்தழும்பு வரும். தோலில் கழுவாமல் விடும் பொருளுக்கு இஃப்ரா (சர்வதேச வாசனைப்பொருள் சங்கம்) வைத்திருக்கும் வரம்பு 0.4%. நீங்கள் பத்து மடங்கு போட்டிருக்கிறீர்கள். இப்போது இருக்கும் பாட்டிலைக் கழுத்திலோ கையிலோ அடிக்காதீர்கள். மணத்தச்சன் மேலே பெர்காப்டீன் நீக்கியது என்று எழுதியிருப்பதைக் கவனிக்காமல் பழைய எண்ணெயையே போட்டுவிட வேண்டாம்.

மூட்டம் எளிய கணக்கு. 96% ஆல்கஹால் 70 கிராமோடு 10 கிராம் நீர் சேர்ந்தால் கொள்ளளவில் சுமார் 87% ஆகிறது. பச்சௌலியில் பாதிக்கு மேல் செஸ்குவிடெர்பீன் ஹைட்ரோகார்பன்கள், நீர் ஏற ஏற அவற்றுக்கு ஆல்கஹாலில் இடமில்லை. லேப்டனத்தின் பிசினும் பெர்கமாட் தோலின் மெழுகும் அதோடு சேர்ந்து வெளியே வரும். 20% செறிவில் இந்தக் கலவைக்கு நீர் தேவையே இல்லை. கான்சன்ட்ரேட்டை இரண்டு வாரம் ஊறவிட்டு, 96% ஆல்கஹாலில் மட்டும் நீர்த்து, 2 முதல் 4 டிகிரியில் இரண்டு நாள் வைத்து, குளிர்ச்சி இறங்குவதற்கு முன்பே வடிகட்டுங்கள். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு வடித்தால் மெழுகு திரும்பக் கரைந்து தாளைத் தாண்டிப் போய்விடும், அடுத்த குளிரில் மறுபடி மூட்டம் போடும். காபி வடிதாள் மெல்லிய மூட்டத்தைப் பிடிக்காது, நுண்துளை ஆய்வகத் தாள் வேண்டும். பாட்டிலை இறுக மூடியே குளிர்பெட்டியில் வையுங்கள். ஆல்கஹால் ஆவி உள்ளே தேங்கினால் தீப்பொறி ஒன்று போதும்.

நீர் கட்டாயம் வேண்டும் என்றால் 2, 3 கிராமுக்கு மேல் போகாமல், குளிர்விப்பதற்கு முன்பே, சொட்டுச் சொட்டாக.

கலக்கம் எண்ணெயிலிருந்தே வருகிறதா என்று தனியாகப் பார்த்துவிடுவது நல்லது. 96% ஆல்கஹால் 93.75 மில்லி எடுத்து நீர் விட்டு 100 மில்லி ஆக்கினால் 90% ஆகும். அதில் 10 மில்லிக்கு பச்சௌலி 1 மில்லி விட்டு, 20 டிகிரியில் குலுக்குங்கள். தெளிவாக, அல்லது லேசாகப் பால் ஓடியது போல இருக்கலாம். அடியில் துளிகளாகத் திரண்டு நின்றால் தாவர எண்ணெயோ மினரல் ஆயிலோ கலந்திருக்கிறது. தேறிவிட்டது என்பதற்காகக் கலப்படம் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. குர்ஜன் பால்சம் (கலப்படத்துக்குச் சேர்க்கும் மரப்பிசின் எண்ணெய்) மாதிரியானவற்றை இந்தச் சோதனை பிடிக்காது. அதற்கு ஜிசி-எம்எஸ் (கூறுகளைப் பிரித்து அடையாளம் காணும் ஆய்வகச் சோதனை) அறிக்கைதான். வாலைவடி சொன்ன அதே எஸ்என்ஐ விதிப்படி பச்சௌலால் 30 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, ஆல்ஃபா கோபேன் 0.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, ஒளிவிலகல் எண் 1.507 முதல் 1.515 வரை. குர்ஜன் பால்சத்தின் அடையாளமான ஆல்ஃபா குர்ஜுனீன் என்று ஒரு வரி அறிக்கையில் இருந்தால் அந்த எண்ணெயை வாங்காதீர்கள்.

---

புதுக்கலவை:

மூவருக்கும் நன்றி. பெர்கமாட் வரம்பு எனக்குத் தெரியாது, பாட்டிலைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

சோதனைகள் செய்தேன். முதல் குப்பி கால் மணி நேரத்திலேயே இளஞ்சிவப்பு, மற்ற இரண்டிலும் மாற்றமில்லை. 90% ஆல்கஹாலில் எண்ணெய் தெளிவாகக் கரைந்தது. அட்டையில் மறுநாள் மரவாசமும் இனிப்பும்தான் நின்றன. எண்ணெய் கைவசம் நிறைய இருப்பதால் கழுவவே போகிறேன்.

இரண்டு கேள்விகள். ஏற்கெனவே கலந்த 100 கிராமை மீட்க முடியுமா? கழுவும்போது நடுவில் பழுப்பு நுரை மாதிரி ஒரு அடுக்கு நின்றால் என்ன செய்வது?

---

வாலைவடி:

கலந்ததை இதே முறையில் கழுவ முடியாது. நீரைச் சேர்த்த உடனே ஆல்கஹால் நீரோடு போகும், மணப்பொருள்கள் எல்லாம் ஒன்றாக மேலே மிதக்கும், அளவுகள் குலையும். பெர்கமாட் இருக்கும் நிலையில் நிறத்தை மட்டும் சரிசெய்தும் தோலுக்கு ஆகாது. துணியிலும் அடிக்க வேண்டாம், கறை விழும். புதிய கலவையோடு ஒப்பிட்டு அட்டையில் முகர்ந்து பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

நடு அடுக்கு பெரும்பாலும் இலைப் பிசினும் நுண்தூசியும் எண்ணெயையும் நீரையும் பிடித்துக்கொண்டு நிற்பது. பிரிபுனலை 45, 50 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்து, உட்சுவரைக் கண்ணாடிக் குச்சியால் மெதுவாகச் சுற்றிவிட்டால் பெரும்பகுதி உடையும். உடையாவிட்டால் இன்னும் 2 கிராம் உப்பு. அதற்கும் மசியாததைத் தனிக் குப்பியில் பிடித்து, சோடியம் சல்பேட் தூவிய பஞ்சு வழியாக வடியுங்கள், உள்ளே மாட்டியிருக்கும் எண்ணெய் இறங்கிவிடும். அதை நல்ல எண்ணெயோடு உடனே சேர்க்காமல், முதலில் குப்பிச் சோதனை செய்யுங்கள். இரும்பு அதிகமாக அங்கேதான் தங்கியிருக்கும்.

---

மணத்தச்சன்:

கழுவி முடித்ததும் அன்றே முகர்ந்து பார்த்து மணம் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். சூடும் நீரும் பட்டதில் மேலே இருக்கும் கற்பூர நெடி கொஞ்சம் போயிருக்கும், முதல் சில நாள் எண்ணெய் மந்தமாகத் தெரியும். பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பி இரண்டு வாரம் விட்டுவிட்டு 10% கரைசலில் பாருங்கள். கழுவாத எண்ணெயில் 5 மில்லியை எடுத்து வைத்துக்கொண்டால் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். கற்பூரம் ரொம்பவே குறைந்துவிட்டது என்று பட்டால் அடித்தளத்தில் சேர்க்கும் 3.0 கிராமை 3.3 ஆக்கி, அந்த 0.3-ஐ ஐசோ ஈ சூப்பரில் குறைத்துக்கொள்ளுங்கள்.